உச்சியில் வளைந்த கோடு

அந்த அளவீட்டுக் கூடத்தில் எல்லோரும் அவளை ‘ஸ்கேல் அக்கா’ என்றுதான் கூப்பிட்டார்கள். அவளைவிட மூத்தவர்களும் அப்படியே. கணினி வந்து இருபது வருடம் ஆகியும், ஒரு சென்சாரைச் சோதித்து முடித்ததும் அவள் கட்டம் போட்ட தாளை எடுத்து, பென்சிலைச் சீவி, புள்ளிகளைக் கையால் வைப்பாள். ஸ்கேலை அவற்றின்மேல் போட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பாள். "கம்ப்யூட்டர்தான் கோடு போட்டுத் தருதே அக்கா, அது பொய்யா சொல்லும்?" என்று யாராவது சீண்டினால், "பொய் சொல்லாது. ஆனா கேட்டதுக்கு மட்டும்தான் பதில் சொல்லும்" என்பாள்.

வயது ஐம்பத்து மூன்று. குள்ளமான, சுறுசுறுப்பான உருவம். கணவர் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுபவர். ஒரே மகள் கல்யாணமாகி வேறு ஊரில் இருந்தாள். காலையில் இரண்டு டிபன் பாக்ஸ் கட்டி, கணவரை அனுப்பிவிட்டு, எட்டேகால் பேருந்தைப் பிடித்து வந்தால் மாலை ஐந்து மணிவரை அவளுக்கு உலகமே காந்தம்தான்.

காந்தப்புலத்தை அளக்கும் சென்சார்கள் உண்மை சொல்கின்றனவா என்று பார்ப்பது அவள் வேலை. தெரிந்த அளவு காந்தப்புலத்தைக் கொடுத்து, சென்சார் என்ன சொல்கிறது என்று குறிக்க வேண்டும். புலத்தைப் படிப்படியாக ஏற்றினால், சென்சாரின் பதிலும் படிப்படியாக ஏற வேண்டும். புள்ளிகளைச் சேர்த்தால் நேர்கோடு வர வேண்டும். இதை யாருக்காவது விளக்க வேண்டி வந்தால் தராசைத்தான் இழுப்பாள்.

"ஒரு தராசு கிலோவுக்கு இருபது கிராம் கூடக் காட்டுதுன்னு வெச்சுக்கோங்க. அஞ்சு கிலோவுக்கு நூறு கிராம். திருட்டுத் தராசுதான், ஆனா ஒழுங்கான திருடன். நாம கழிச்சுக்கலாம். அது சென்சிட்டிவிட்டி தப்பு. கோடு சாஞ்சிருக்கும், அவ்வளவுதான். இன்னொரு தராசு ஒரு கிலோவுக்கு யோக்கியமா இருக்கும், அஞ்சு கிலோ வெச்சா புத்தி மாறும். அது லீனியாரிட்டி தப்பு. கோடே வளைஞ்சிருக்கும். சாஞ்சவனை நம்பலாம். வளைஞ்சவனைக் கண்ல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பார்க்கணும்."

இருபத்தெட்டு வருடம் அவள் கீழ்த்தளத்தில் இருந்த பெரிய மின்காந்தத்தில்தான் வேலை செய்தாள். யானைக்கால் பருமனில் இரண்டு இரும்புத் தூண்கள் எதிரெதிரே நிற்கும். நடுவே ஒரு சாண் இடைவெளி. அந்த இடைவெளியில் சென்சாரை வைத்து மின்சாரம் பாய்ச்சினால் கூடமே முனகும். மோட்டார்களுக்கும் வண்டிகளுக்கும் போகிற முரட்டு சென்சார்கள் அங்கே வரும். அந்த வருடம், பின்பக்க முற்றத்தில் தனியாக நின்ற ‘இரும்பில்லா அறை’யைப் பார்த்துக்கொண்டிருந்தவர் ஓய்வு பெற்றார். அந்த இடத்துக்கு அவளை மாற்றினார்கள்.

அது ஒரு விநோதமான அறை. கதவு மரம். கீல் பித்தளை. மேசையில், முக்காலியில் ஓர் ஆணிகூடக் கிடையாது, எல்லாம் மர முளை. உள்ளே போகிறவர்கள் சாவி, கைக்கடிகாரம், பெல்ட், கொண்டை ஊசி எல்லாவற்றையும் வெளியே ஒரு தட்டில் வைத்துவிட்டுச் செருப்பில்லாமல் போக வேண்டும். நடுவில் ஆள் உயரத்தில் செம்புக் கம்பி சுற்றிய பெரிய வளையங்கள், மூன்று ஜோடி. அவை முதலில் பூமியின் காந்தப்புலத்தையே அழித்து, அந்த நடுப்புள்ளியை வெறுமையாக்கும். பிறகு அந்த வெறுமைக்குள் நாம் விரும்பிய அளவு புலத்தைச் சிட்டிகை சிட்டிகையாகப் போடலாம். சத்தமே இருக்காது. வெளியே தூரத்தில் ஒரு லாரி போனால் காதுக்குக் கேட்காது, சென்சாருக்குத் தெரியும். முதல் நாளே அவளுக்கு அந்த இடம் பிடிக்கவில்லை. யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும் அறை மாதிரி இருந்தது.

மூன்றாவது வாரம் பன்னிரண்டு சென்சார்கள் வந்தன. நகக்கண் அளவில் சின்னச் சின்னச் சில்லுகள். பத்துப் படியாகப் புலத்தை ஏற்றி, அதே படிகளில் இறக்க வேண்டும். ஒவ்வொரு படியிலும் கருவி ஒரு நிமிடம் அளந்து சராசரி எடுக்கும். எட்டாவது படிக்கு மேல் கம்பிச் சுருள் சூடாகும். சூட்டில் சென்சாரின் குணம் மாறும் என்பதால், அந்த மேல்படிகளில் மட்டும் சென்சாருக்குப் பக்கத்தில் மாட்டிய கண்ணாடித் தெர்மாமீட்டரைப் பார்த்துக் குறிக்க வேண்டும்.

அவள் அளந்தாள். தாளில் புள்ளி வைத்தாள். ஏழாவது படிவரை புள்ளிகள் நூல் பிடித்த மாதிரி நின்றன. எட்டு, ஒன்பது, பத்து மட்டும் லேசாக மேலே தூக்கிக்கொண்டன. ஆயிரத்தில் ஆறு பங்கு. சாதாரணக் கண்ணுக்குத் தெரியாது. அவள் கண்ணுக்குத் தெரிந்தது.

ஒன்று வளைந்தால் சென்சார் மோசம் என்று சொல்லலாம். பன்னிரண்டும் ஒரே இடத்தில், ஒரே அளவு வளைந்தன. பன்னிரண்டு தாளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வெளிச்சத்தில் பிடித்தாள். ஒரே கோடு.

மேற்பார்வையாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு பார்த்தார். "சூட்டுனால இருக்கும்மா. சென்சிட்டிவிட்டி ஏறியிருக்கும்."

"சூடுன்னா, இறங்கும்போது ஏழாவது படியிலயும் கொஞ்சம் தூக்கணும் சார். உடனே ஆறிடாதே. எட்டுல வளைஞ்சது ஏழுல சட்டுனு நேராயிடுது. யாரோ சுவிட்ச் போட்டு அணைச்ச மாதிரி."

"அப்ப சரக்கே சரியில்ல. திருப்பி அனுப்பிடுங்க."

அனுப்பினார்கள். சென்சார் செய்தவர்கள் பத்து நாளில் சரக்கைத் திருப்பி அனுப்பிப் பதில் போட்டார்கள்: எங்கள் இடத்தில் பன்னிரண்டும் நேராக இருக்கின்றன, உங்கள் கருவியைப் பார்த்துக்கொள்ளுங்கள். மேற்பார்வையாளர் நெட்டையை வைத்து மறுபடி அளக்கச் சொன்னார். நெட்டை என்பவன் அடுத்த பிரிவில் வேலை பார்த்தவன். நாற்பது வயது, ஒட்டகச்சிவிங்கி உயரம். அவன் அளந்தபோது கோடுகள் நேராக வந்தன. ஒரு புள்ளிகூடப் பிசகவில்லை.

அவள் மறுநாள் அளந்தாள். வளைந்தது.

"நாய் வால் மாதிரி இருக்கே அக்கா, உங்க கையில மட்டும்" என்று நெட்டை சிரித்தான். அவளும் சிரித்தாள். ஆனால் மேற்பார்வையாளர் சிரிக்கவில்லை. "இருபத்தெட்டு வருஷம் பெரிய காந்தத்துலயே இருந்துட்டீங்க. இது நுட்பமான வேலை. கஷ்டமா இருந்தா சொல்லுங்கம்மா" என்று மெதுவாகச் சொன்னார். அந்த மெதுவான குரல்தான் அவளைச் சுட்டது. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அன்று முதல் அவள் வேறு சிந்தனையே இல்லாமல் அந்த வளைவின் பின்னால் போனாள். கம்பிச் சுருளை மாற்றினாள். அறையைக் குளிரவைத்துப் பார்த்தாள். மேசையை நகர்த்தினாள். வளைவு அப்படியே இருந்தது. ஒரு வியாழக்கிழமை, எட்டாவது படியில் வெளியே தீயணைப்பு ஒத்திகை மணி அடித்தது. தெர்மாமீட்டரைப் பார்க்காமலே வாசலுக்குப் போய் நின்றுவிட்டாள். கருவி பாட்டுக்கு மிச்சத்தை அளந்து முடித்திருந்தது. திரும்பி வந்து புள்ளி வைத்தவள் அப்படியே நின்றாள்.

கோடு நேராக இருந்தது.

முதலில் தெர்மாமீட்டரைச் சந்தேகப்பட்டாள். அதைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு, அது இருந்த இடத்தைக் குனிந்து பார்த்தாள். கருவியின் திரையில் எண் ஏறியது. நிமிர்ந்தாள். எண் இறங்கியது.

விஷயம் அவ்வளவு எளிதாக இருந்தது. நெட்டை எட்ட நின்றே தெர்மாமீட்டரைப் படித்துவிடுவான். அவளுக்குக் கண்ணாடி போட்டும் எட்டப் பார்வை மங்கல். முகத்தை ஒரு சாண் தூரத்துக்குக் கொண்டுபோனால்தான் கோடுகள் தெரியும். வளைந்தது சென்சார் இல்லை. அவள் குனியும்போதெல்லாம் அந்த வெறுமைக்குள் எதையோ கொண்டு வந்து வைத்திருக்கிறாள்.

மூக்குக் கண்ணாடிச் சட்டத்தின் திருகாணி என்று நினைத்தாள். கண்ணாடியைக் கழற்றினாள். ஏறியது. ரவிக்கைக் கொக்கியா? மறுநாள் தலைவழியாகப் போடுகிற, கொக்கியில்லாத பருத்திச் சட்டை போட்டு வந்தாள். ஏறியது. தோடு, சங்கிலி, பின்னலில் கட்டும் ரப்பர் வளையம், எல்லாம் வெளியே தட்டுக்குப் போயின. மரமுக்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினாள். எண் அசையவில்லை. முழங்கை. அசையவில்லை. தோளைச் சாய்த்தபோது லேசாக நெளிந்தது. தலையைக் கொண்டுபோனாள். துள்ளியது. அவள் மெல்லத் தலையாட்டினாள். திரையில் எண்ணும் தலையாட்டியது.

 நல்ல வெயில் நேரம். வெளியே யாரோ குழாயைத் திறந்து கை கழுவும் சத்தம்கூடக் கேட்டது. ஆனாலும் பின்னால் ஒருவர் நின்று தன் உச்சந்தலையைப் பார்த்துக்கொண்டிருப்பது போலத் தோன்ற, திரும்பிப் பார்த்தாள். யாருமில்லை.

நெட்டையைக் கூப்பிட்டாள். "ஒரு உதவி செய். நான் அசையாம உட்கார்றேன். சென்சாரைக் கையில பிடிச்சு என் தலையைச் சுத்தி விரல்கடை விரல்கடையா நகர்த்து. எண்ணைப் படிச்சு இந்தத் தாள்ல எழுது."

"எதுக்கு அக்கா?"

"சொல்றதைச் செய்யேன்."

அவன் செய்தான். முதலில் ஏதோ ஜோக் அடித்தான். பத்து எண்களுக்குப் பிறகு ஜோக் நின்றது. இருபதுக்குப் பிறகு குரலே தாழ்ந்தது. முடித்துத் தாளை அவளிடம் கொடுக்காமல் கையிலேயே வைத்திருந்தான். அவள் பிடுங்கிப் பார்த்தாள். உச்சியில் ஓர் இடத்தில் எண்கள் குவிந்து மலைபோல் ஏறியிருந்தன. அங்கிருந்து இரண்டு விரல்கடை பின்னால் அதே அளவுக்குப் பள்ளமாக இறங்கியிருந்தன. ஒரு முனை வடக்கு, ஒரு முனை தெற்கு. இருபத்தெட்டு வருடம் காந்தம் பார்த்தவளுக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை. நீளமான, மெல்லிய, காந்தமேறிய எஃகுத் துண்டு.

"அக்கா," என்றான் நெட்டை, "உள்ள ஏதோ இருக்கு."

அவள் தாளை மடித்தாள். பிறகு கேட்டாள்: "கீழ பெரிய காந்தத்தைப் போடும்போது உனக்கு உச்சியில யாரோ ஒத்தை முடியைப் பிடிச்சு இழுக்கற மாதிரி இருக்குமில்ல? வலிக்காம, மெதுவா?"

"இல்லையே அக்கா."

"யாருக்கும் இருக்காதா?"

"நான் கேள்விப்பட்டதில்ல."

இருபத்தெட்டு வருடமாக அது எல்லோருக்கும் இருக்கும் என்றே அவள் நினைத்திருந்தாள். மின்சாரம் பாயும்போது கூடம் முனகுவது போல அதுவும் ஒரு சாதாரண விஷயம் என்று.

எக்ஸ்ரே எடுத்த இடத்தில் டாக்டரம்மா படத்தை விளக்குப் பலகையில் மாட்டிவிட்டு, கொஞ்ச நேரம் அவர்கள் பக்கமே திரும்பவில்லை. கணவரும் கூட வந்திருந்தார். மண்டையோட்டின் மங்கிய வெள்ளைக்குள் ஒரு பளிச்சென்ற கோடு. இரண்டு விரல்கடை நீளம். கொஞ்சம் சாய்ந்து, துல்லியமாக, நேராக. ஒரு முனை கூர். மறுமுனையில் ஒரு சின்ன நீள்வட்டத் துளை. ஊசிக்காது.

"தையல் ஊசி" என்றார் டாக்டரம்மா. "எப்பவாவது தலையில அடிபட்டுதா? ஆபரேஷன் ஏதாவது?"

"எதுவுமில்லை."

"எலும்புல ஓட்டையே இல்லை. அதனால எலும்பு மூடறதுக்கு முன்னாடியே போயிருக்கணும். பிறந்த குழந்தைக்கு உச்சிக்குழி இருக்குமில்லையா, மெத்துமெத்துன்னு? ஒன்றரை வயசுக்குள்ள அது மூடிடும். அதுக்கு முன்னாடி." அவர் பேனாவைத் திருகிக்கொண்டே இருந்தார். "கீழ கிடந்த ஊசி மேல குழந்தை விழுந்தா இப்படி நேரா இறங்காது. உங்களுக்குப் புரியுதுன்னு நினைக்கறேன்."

அவளுக்குப் புரிந்தது. கணவருக்கும் புரிந்தது. அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

எடுக்கத் தேவையில்லை, எடுப்பதுதான் ஆபத்து என்றார் டாக்டரம்மா. ஐம்பது வருடமாகப் பேசாமல் இருப்பதைத் தொந்தரவு செய்ய வேண்டாம். ஆனால் எம்.ஆர்.ஐ. பக்கமே போகக் கூடாது. "அந்தக் காந்தத்துக்குள்ள படுத்தா, ஊசி சும்மா இருக்காது" என்று மட்டும் சொன்னார். போன வருடம் முழங்கால் வலிக்கு எம்.ஆர்.ஐ. எடுக்க எழுதிக் கொடுத்து, தேதியும் குறித்து, அன்று பார்த்து இயந்திரம் பழுதானதால் திரும்பி வந்தது அவளுக்கு நினைவு வந்தது. அன்று கொடுத்த படிவத்தில் ‘உடலில் உலோகம் உண்டா’ என்ற கேள்விக்கு அவளே ‘இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தாள். 

பேருந்து நிறுத்தத்தில் கணவர்தான் முதலில் பேசினார். "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சும்பாங்க. உனக்குத் தலைக்கு வந்தது தலையிலேயே குடித்தனம் பண்ணியிருக்கு." அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையாக மாறி, பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவளுடைய அம்மா அப்போது அவள் கூடப்பிறந்த அக்கா வீட்டில் இருந்தாள். மூன்றாவது மாடி, இரண்டு அறை. அம்மாவுக்கு எண்பத்தொன்று. ஒரு காலத்தில் பள்ளிச் சீருடை தைத்துக் கொடுத்தவள். இப்போது ஜன்னலோரப் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து தெருவைப் பார்ப்பதோடு சரி. பேச்சும் குறைந்து, நினைவும் குறைந்துவிட்டது. அக்கா இவளைவிட ஒன்பது வயது பெரியவள். கல்யாணம் வேண்டாம் என்று சொல்லி அம்மாவுடனேயே இருந்துவிட்டவள்.

சனிக்கிழமை மதியம் இவள் போனாள். அக்காவைச் சமையலறைக்கு அழைத்துப் போய், கதவைச் சாத்தி, எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினாள்.   அக்கா அதை ஒரு தடவை பார்த்தாள். அடுப்பை அணைத்தாள். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"உனக்குத் தெரியும்" என்றாள் தங்கை.

"கிணறு வெட்டப் பூதம் கிளம்பினாப்பல..." என்று ஏதோ ஆரம்பித்த அக்கா நிறுத்திக்கொண்டாள். "எப்படிடி கண்டுபிடிச்சே?"

"கோடு வளைஞ்சுது."

அக்காவுக்கு அது புரியவில்லை. ஆனால் கேட்கவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொல்லத் தொடங்கினாள்.

"அப்பா கப்பல்ல இருந்தார். நீ பிறந்து நாற்பது, ஐம்பது நாள் இருக்கும். அம்மா தூங்கவே இல்ல. ராத்திரி பகல் எதுவுமே இல்ல. நீ அழுதா காதைப் பொத்திக்குவா. ஒரு நாள் என்கிட்ட ரகசியமா சொன்னா, ‘இது நம்ம குழந்தை இல்லடி, ஆஸ்பத்திரியில மாத்தி வெச்சுட்டாங்க. இது அழுகிறது இல்ல, என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுது’ன்னு. எனக்கு ஒன்பது வயசு. யார்கிட்ட போய்ச் சொல்வேன்? அதுக்கு அடுத்த நாள் ஸ்கூல் விட்டு வரேன். வீடு அமைதியா இருக்கு. நீ பாய்ல கிடக்கிறே. அழலை. கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்துக்கிட்டிருக்கே. அம்மா மெஷின் முன்னாடி உட்கார்ந்து, துணி இல்லாமலே மெஷினை மிதிச்சுக்கிட்டிருக்கா. நான் உன்னைத் தூக்கினேன். உன் உச்சியிலேருந்து ஒரு வெள்ளை நூல் தொங்கிச்சு."

தங்கை அக்காவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். குழாயில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.

"நூல் எங்கேயிருந்து ஒட்டிக்கிச்சுன்னு நினைச்சு இழுத்தேன். லேசா இழுத்தேன்டி. வரலை. அப்புறம் கொஞ்சம் பலமா இழுத்தேன். வந்துடுச்சு. நூல் மட்டும் வந்துச்சு." அக்கா தன் விரல் நுனியைப் பார்த்தாள். "நுனியில கடுகளவு ரத்தம். ஊசி உள்ள தங்கிடுச்சுன்னு அப்பவே எனக்குத் தெரிஞ்சுது. மெதுவா, நேக்கா இழுத்திருந்தா ஊசியும் வந்திருக்குமோ என்னவோ. ஐம்பத்து மூணு வருஷமா இதைத்தான் யோசிச்சுக்கிட்டிருக்கேன்."

"அப்புறம்?"

"ரெண்டு நாள் காய்ச்சல் அடிச்சுது உனக்கு. சரியாயிடுச்சு. அம்மாவும் ஒரு மாசத்துல சரியாயிட்டா. யாரோ தூங்கி எழுந்த மாதிரி எழுந்து, உன்னைத் தூக்கிப் பால் கொடுத்தா. அப்பா வந்தப்ப வீடு வீடா இருந்துச்சு. சொன்னா அம்மாவை எங்கேயாவது கொண்டுபோய் அடைச்சுடுவாங்கன்னு பயம். சொல்லலை. நீ முதல் அடி எடுத்து வெச்சப்ப, ஸ்கூல்ல பரிசு வாங்கினப்ப, ஒவ்வொரு தடவையும், இன்னைக்கு ஏதாவது ஆயிடுமோன்னு... பெத்த மனசு பித்துன்னு எல்லாரும் பெருமையா சொல்வாங்களே, எனக்கு அந்தப் பேச்சைக் கேட்டாலே உடம்பு நடுங்கும்."

"அம்மாவுக்கு ஞாபகம் இருக்கா?"

"தெரியாது. ஒரு நாள்கூடப் பேசினதில்ல. எனக்கு என்ன தோணும்னா, அவளுக்குத் தெரியாது. அந்த நாளே அவகிட்ட இல்ல. நீ கேட்காதே. உன் கால்ல விழறேன், கேட்காதே."

"எழுந்திரு. என்ன பேச்சு இது" என்று அக்காவைத் தூக்கிவிட்டாள்.

அவள் கேட்கவில்லை. கூடத்துக்குப் போய் அம்மாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அம்மா தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எதிர்வீட்டு மாடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டதற்குப் பதில் இல்லை. அவளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கோபம் வரும் என்று நினைத்து வந்திருந்தாள், வரவில்லை. அலுத்துப்போய்த் தலையை அம்மாவின் மடியில் சாய்த்தாள்.

சற்று நேரத்தில் அம்மாவின் கை அசைந்தது. காய்ந்த, லேசான கை. காதோரம் தடவியது. வகிடு வழியாக மேலே வந்தது. சுட்டுவிரல் மட்டும் பிரிந்து, முடிக்குள் இறங்கி, தயங்காமல், தேடாமல், ஓரிடத்தில் போய் நின்றது. நெட்டை அறுபது எண்களை எழுதிக் கண்டுபிடித்த இடம். மலையின் உச்சி. எக்ஸ்ரேயில் அந்தக் கோடு தொடங்கும் இடம். மயிரிழைகூடப் பிசகவில்லை.

விரல் அங்கேயே இருந்தது.

"வலிக்குதா?" என்றாள் அம்மா. ஜன்னலைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

 சமையலறை வாசலில் கையில் டம்ளரோடு அக்கா நிற்பது தெரிந்தது. அக்காவின் முகத்தில் ரத்தமே இல்லை.

"இல்லம்மா. வலிக்கலை."

"சரி" என்றாள் அம்மா. விரலை எடுத்துக்கொண்டு மறுபடி கையை நாற்காலியில் வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அன்று முழுக்க அவள் எதுவும் பேசவில்லை. என்றைக்குமே அதைப் பற்றிப் பேசவில்லை. எட்டு மாதம் கழித்து ஒரு காலையில், தூக்கத்திலேயே போய்விட்டாள்.

வேலையிடத்தில் அவள் எதையும் மறைக்கவில்லை. மேற்பார்வையாளரிடம் எக்ஸ்ரேயைக் காட்டி, நடந்ததில் வேலைக்குச் சம்பந்தப்பட்ட பங்கை மட்டும் சொன்னாள். அவர் படத்தை மேசைமேல் வைத்துவிட்டு, "உங்களைச் சந்தேகப்பட்டுட்டேன்மா" என்றார். "நீங்க சந்தேகப்பட்டது சரிதான் சார். தப்பு என்கிட்டதான் இருந்துச்சு" என்றாள். சென்சார் செய்தவர்களுக்கு மன்னிப்புக் கடிதத்தை அவளே எழுதினாள். ‘அளப்பவரின் உடலிலிருந்து வந்த காந்தப்புலம்’ என்று காரணம் போட்டாள். அதற்குமேல் அவர்களும் கேட்கவில்லை. கண்ணாடித் தெர்மாமீட்டரை எடுத்துவிட்டு, வெளியிலிருந்தே படிக்கக்கூடிய ஒன்றைப் பொருத்தினார்கள். அளக்கும்போது யாரும் உள்ளே இருக்கக் கூடாது என்று விதி வந்தது. அவள் கோடுகள் நேராயின. கீழ்த்தளத்துப் பெரிய காந்தத்தின் பக்கம் மட்டும் அவள் அதற்குப் பிறகு போகவே இல்லை.

அம்மா போன பிறகு அக்கா வீட்டில் தனியாகிவிட்டாள். தங்கை வாரம் இரண்டு தடவை போய்ப் பார்த்துவிட்டு வருவாள். ஒரு நாள் அக்கா தயங்கித் தயங்கிக் கேட்டாள். "அந்த ரூமை எனக்குக் காட்டுவியா?"

"அங்க பார்க்க என்ன இருக்கு?"

"என்னையும் அதுல வெச்சுப் பாரு."

 அக்கா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "நான் பிறந்தப்பவும் அப்பா ஊர்ல இல்ல. அப்ப எப்படி இருந்தாளோ, யாருக்குத் தெரியும்? உன் படத்தைப் பார்த்த நாள்லேருந்து எனக்கு உச்சி குறுகுறுங்குதுடி."

மேற்பார்வையாளரிடம் சொல்லி அனுமதி வாங்கினாள். ஒரு விடுமுறை நாள் காலை பதினோரு மணிக்கு அக்காவை அழைத்து வந்தாள். அக்கா கொண்டை ஊசிகளையும் சாவிக்கொத்தையும் தட்டில் வைத்தாள். அவிழ்ந்த நரைமுடியோடு, வெறுங்காலோடு, அந்தச் செம்பு வளையங்களுக்கு நடுவே மரமுக்காலியில் போய் உட்கார்ந்தபோது சின்னப் பெண் மாதிரி இருந்தாள். தங்கை சென்சாரை ஒரு நீண்ட மரக்குச்சியின் முனையில் கட்டியிருந்தாள். எட்ட நின்று, குச்சியை நீட்டி, அக்காவின் தலையைச் சுற்றி மெல்ல நகர்த்தினாள். திரையில் எண் பூச்சியத்திலேயே கிடந்தது. இரண்டு சுற்று. மூன்று சுற்று.

"ஒண்ணுமில்ல அக்கா. சுத்தமா இருக்கு."

"நல்லாப் பார்த்தியா?"

"பார்த்தேன்."

"இன்னொரு தடவை பாரு."

நான்காவது சுற்று. அக்கா கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். எண் அசையவில்லை. குச்சியை அப்படியே அக்காவின் தலைக்கு மேலே ஒரு தாங்கியில் நிறுத்திவிட்டு, தங்கை அவளை எழுப்பிவிட அருகே போனாள். அக்கா கண்ணைத் திறந்தாள். திரையைப் பார்த்தாள். அவள் முகம் வெளிறியது.

"ஏறுதே! அது ஏறுதேடி!"

"அது நான் அக்கா" என்றாள் தங்கை. "நான் கிட்ட வந்துட்டேன்."

அவள் இரண்டடி பின்னால் போனாள். எண் இறங்கிப் பூச்சியத்தில் படுத்தது. அக்கா நெஞ்சில் கையை வைத்து மூச்சுவிட்டாள். ஆனால் எழுந்திருக்கவில்லை. திரையைவிட்டுக் கண்ணையும் எடுக்கவில்லை.

"திரும்பக் கிட்ட வா" என்றாள்.

தங்கை வந்தாள். அக்காவின் முதுகுக்குப் பின்னால் நின்று, மெல்லக் குனிந்தாள். எண் ஏறத் தொடங்கியது. இருவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.